ஐம்பத்து மூன்று சரி

ஏப்ரல் மாதத் தேர்வில் பிரென்னா கூபிக் அறுபது கேள்விகளில் நாற்பத்தொன்பதுக்குச் சரியாக விடை எழுதினாள். அறுபத்தொன்று மதிப்பெண் வந்தது. வேண்டியதற்கு ஒன்று குறைகிறதே என்று கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து படித்து, அக்டோபரில் மறுபடியும் எழுதினாள். இந்த முறை ஐம்பத்து மூன்று சரி. மதிப்பெண் அறுபது.

அவளுடைய அப்பா ஹார்லன் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றார்.

நெப்ராஸ்கா மாநிலத்தில் நான்கு மாவட்டங்களுக்கு எடையளவு முத்திரை ஆய்வாளர் அவர். மளிகைக் கடைத் தராசு, பெட்ரோல் பங்க், மாட்டுச் சந்தையின் எடைமேடை, சோளக் கிடங்கில் லாரியை அப்படியே நிறுக்கும் எடைமேடை எல்லாம் அவர் கைபட்ட பிறகுதான் வேலை செய்யும். இரும்பு எடைக்கற்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். சரியாகக் காட்டினால் பச்சை வில்லை ஒட்டுவார். தவறினால் சிவப்பு. சிவப்பு ஒட்டிய தராசில் ஒரு வெங்காயத்தைக்கூட நிறுக்கக் கூடாது. இருபத்தாறு வருடமாக இதுதான் அவர் வேலை. அதற்குள் ஒரு தடவைகூட எடையைக் கூட்டி வைத்து முள் இறங்கிப் பார்த்ததில்லை.

"அப்பா, முறைச்சுப் பாத்தா அது மாறிடாது," என்றாள் பிரென்னா.

"நாலு கேள்வி கூட சரி போட்டிருக்க."

"ஆமா."

"ஒரு மார்க் கொறஞ்சிருக்கு."

"ஆமாப்பா."

"நாலு மூட்டை கூட ஏத்தினேன், லாரி எடை கொறஞ்சு போச்சுன்னு எவனாவது சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"சிவப்பு ஒட்டிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் எங்ககிட்ட அதையே சொல்லுவ."

மனைவி டெனீஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். பீன்ஸ் சில்லிக் குழம்பையும் பட்டை மணக்கும் சுருள் ரொட்டியையும் மேஜையில் வைத்து, "ரெண்டு பேரும் உக்காருங்க. ஆறிப்போனா அதுக்கும் மார்க் கொறையும்," என்றாள்.

பிரென்னாவுக்கு மாட்டு வைத்தியம் படிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில், தாயின் வயிற்றுக்குள் குறுக்கே கிடந்த கன்றைத் தன்னந்தனியாகத் திருப்பி வெளியே இழுத்தவள் அவள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று இருபது இடம் உண்டு. பள்ளி முடித்ததும் நேராகச் சேரலாம். கன்று இழுத்ததை அங்கே யாரும் கேட்பதில்லை. தேர்வில் அறுபத்திரண்டு இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

மறுநாள் ஹார்லன் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆலோசகர் மிஸ் டாகெட்டைப் பார்த்தார். அவர் அறைச் சுவரில், 'நீ வெறும் எண் அல்ல' என்று பெரிய எழுத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே, போன வருடத்து மாணவர்களின் பெயர்கள் மதிப்பெண் வரிசையில் ஒட்டப்பட்டிருந்தன.

"மிஸ்டர் கூபிக், நீங்க பாக்கறது கச்சா எண்ணிக்கை," என்றார் மிஸ் டாகெட். "அதை அப்படியே குடுக்க மாட்டாங்க. பக்குவப்படுத்தித்தான் குடுப்பாங்க."

"யாரு பக்குவப்படுத்தறது?"

"தகுதி அளவீட்டு மன்றம்."

"எதை வச்சு?"

"அட்டவணைய வச்சு."

"அந்த அட்டவணைய நான் பாக்கலாமா?"

மிஸ் டாகெட் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல. எல்லாரும் மறுபடி எப்ப எழுதலாம்னுதான் கேப்பாங்க. மார்ச்ல இருக்கு, பேரு குடுத்துடட்டுமா?"

பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார் ஹார்லன். ஆனால் மனம் கேட்கவில்லை. மன்றத்தின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தார். நாற்பது நிமிடம் காத்திருப்பில் பியானோ இசை ஓடியது. பிறகு ஷெர்லின் என்ற பெண் பேசினாள்.

"வணக்கம், மதிப்பெண் தெளிவுப் பிரிவு. உங்களுக்கு வந்திருக்கறது வருத்தமா, ஆச்சரியமா, சந்தேகமா?"

"கணக்கு புரியலம்மா."

"அது வருத்தத்துல வரும் சார். ஒரு நிமிஷம்." காகிதம் புரண்டது. "'மதிப்பெண் குறைந்ததற்காக மனம் தளர வேண்டாம். ஆழமாக மூச்சு விடவும்.' விட்டீங்களா சார்?"

"விட்டுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"நன்றி. அடுத்தது படிக்கறேன். 'அக்டோபர் தாள் ஏப்ரல் தாளைவிட எளிதானது. ஆகவே அதில் ஒவ்வொரு சரியான விடைக்கும் எடை குறைவு.'"

எடை என்ற சொல்லைக் கேட்டதும் ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எளிதுன்னு எப்படித் தெரியும்?"

"பிள்ளைங்க நல்லா எழுதியிருக்காங்களே சார்."

"படிச்சிருப்பாங்கம்மா. அதனால நல்லா எழுதியிருக்கலாம் இல்லையா?"

மறுமுனையில் காகிதம் ரொம்ப நேரம் புரண்டது. "சார், அதுக்கு எங்கிட்ட பக்கம் இல்ல," என்றாள் ஷெர்லின். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "என் தம்பிகூட படிச்சுதான் எழுதினான். சரி, இந்தப் பேச்சுக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள மார்க் குடுக்கணும் சார்."

"ஒண்ணு."

"ரொம்ப நன்றி. அது நாலுன்னு பதிவாகும்."

ஷெர்லின் செய்த ஒரே உபகாரம், 'வெளிப்படைத்தன்மைக் கையேடு' என்று ஒன்று இருப்பதையும், அதை எழுத்துமூலம் கேட்டால் அனுப்பியே ஆக வேண்டும் என்பதையும் சொன்னதுதான். ஹார்லன் எழுதிக் கேட்டார். ஐந்து வாரம் கழித்துப் பதினொரு பக்கம் வந்தது. முதல் நான்கு பக்கங்களில் வெளிப்படைத்தன்மையின் பெருமை. ஐந்தாம் பக்கம், விளக்கத்துக்கு எட்டாம் பக்கம் பார்க்கவும் என்றது. எட்டாம் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டதாக அச்சிட்டிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் அக்டோபர் தாளின் அட்டவணை இருந்தது.

ஹார்லன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிடங்கு எடைமேடைக்கு முன்னால் உட்காருவது போல அதன் முன்னால் உட்கார்ந்தார். இடப்பக்கம் எத்தனை சரி, வலப்பக்கம் என்ன மதிப்பெண். விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தார். ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்திரண்டுக்கு அறுபது. ஐம்பத்து மூன்றுக்கும் அறுபது. ஐம்பத்து நான்குக்கு அறுபத்திரண்டு.

விரல் அங்கேயே நின்றது.

"டெனீஸ், இங்க வா. அம்பத்திரண்டு சரி போட்டாலும் அறுபது. அம்பத்து மூணு போட்டாலும் அறுபது. நடுவுல அந்த ஒரு கேள்வி எங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? எங்கயாவது போயிருக்கும்."

"கல்ல வச்சேன், முள்ளு அசையல. அப்ப முள்ளு சிக்கியிருக்குன்னு அர்த்தம்."

"ஹார்லன், மார்ச்ல அவ மறுபடி எழுதப் போறா. விட்டுடேன்."

அவர் விடவில்லை. மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினார். ஜனவரி மாதம் நேரில் வரலாம் என்று பதில் வந்தது. மன்றம் மிசூரியில் இருந்தது. பனியில் ஏழு மணி நேர ஓட்டம். கிளம்பும்போது பிரென்னா வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, "போய்ட்டு வாப்பா. ஆனா அங்க போய் யாரு நெத்தியிலயும் சிவப்பு ஒட்டிடாத," என்றாள்.

மன்றத்தின் கட்டடம் முழுவதும் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாத வகைக் கண்ணாடி. வரவேற்பில் ஹார்லனுக்குப் பதினான்கு என்று ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அங்கே மொத்தம் ஒன்பது பேர்தான் இருந்தார்கள்.

"பதினாலுன்னா நான் பதினாலாவது ஆளா?" என்று கேட்டார்.

"அப்படி அர்த்தம் இல்ல சார்," என்றாள் வரவேற்புப் பெண். "இன்னிக்கு வந்தவங்க எல்லாரும் கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டாங்க. அதுக்குத் தக்க மாத்தியிருக்கோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் தன் டோக்கனைக் காட்டினார். முப்பத்தேழு. அவர் தன் மகனுடைய மதிப்பெண்ணுக்காக வந்திருந்தார். மகன் எப்போதோ ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, முடித்து, இப்போது டென்வரில் கூரை வேயும் வேலையில் இருக்கிறானாம்.

"பின்ன எதுக்கு இன்னும் வர்றீங்க?"

"கணக்கு தெரியாம எப்படிங்க சாகறது?" என்றார் அவர். சொன்ன விதத்தில் கோபமே இல்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரையும் ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். மன்றத் தலைவி டாக்டர் கார்லைல் சாம்பல் நிற உடையில் மேடையேறினார். குரலில் தேன் ஒழுகியது.

"உங்க ஒவ்வொருத்தரையும் நான் மதிக்கறேன். உங்க பிள்ளைங்களையும் மதிக்கறேன், சராசரியா. நிறைய பேர் எங்ககிட்ட கேக்கறாங்க: 'எத்தனை சரியோ அத்தனை மார்க்குன்னு குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?' குடுக்கலாம். ஆனா அதை யார் வேணும்னாலும் செய்யலாமே! ஒரு வாத்தியார் செய்யலாம். உங்க பிள்ளையே செய்யலாம். அப்புறம் நாங்க எதுக்கு? இந்தக் கட்டடம் எதுக்கு? எண்ணறது சின்னப் பசங்க வேலை. நாங்க அளக்கறோம். தொண்ணூறு வருஷமா அளக்கறோம். இத்தனை வருஷத்துல எங்க கணக்கு தப்புன்னு ஒருத்தர்கூட நிரூபிச்சதில்ல. ஏன் தெரியுமா? நிரூபிக்கணும்னா முதல்ல அது புரியணும்."

கை தட்டினார்கள். ஹார்லனும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டரை. சின்ன அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் டாக்டர் பென்ஹாலோ. அட்டவணைகள் தயாரிக்கும் பிரிவின் தலைவர், மெலிந்த, பணிவான மனிதர். அவருக்கு வலப்பக்கம் மன்றத்தின் வக்கீல் ஸ்ட்ரௌட். இடப்பக்கம் லொரெய்ன் என்ற அம்மாள் நடப்பதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த அவளுக்கு மேஜையில் ஏற்கெனவே ஒரு பிரிவுபசார வாழ்த்து அட்டை இருந்தது.

"முதல்ல ஒரு சந்தேகம்," என்றார் ஹார்லன். "உங்க மதிப்பெண் இருபதுலேர்ந்து எண்பது வரைக்கும் போகுது. ஒண்ணுமே எழுதாம வெத்துத்தாள் குடுத்தா?"

"இருபது," என்றார் பென்ஹாலோ.

"ஒண்ணுமே வைக்காதப்ப தராசு இருபது காட்டுதா?"

"பூஜ்யம் போட்டா பிள்ளைங்க மனசு புண்படும்."

"எல்லாம் சரியா எழுதினா எண்பதா?"

"பெரும்பாலும். சில தாள்ல எழுபத்தெட்டோட நின்னுடும். அது தாளோட குணத்தைப் பொறுத்தது."

ஹார்லன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "என் பொண்ணுக்கு அறுபது. அது எவ்வளவு துல்லியம்?"

இந்தக் கேள்வி பென்ஹாலோவுக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது. "ரொம்பத் துல்லியம். மூணு கூடலாம், மூணு கொறையலாம், அவ்வளவுதான். அவங்க உண்மையான மதிப்பெண் அம்பத்தேழுலேர்ந்து அறுபத்து மூணுக்குள்ள எங்க வேணும்னாலும் இருக்கலாம்."

"அப்ப அறுபத்திரண்டாவும் இருக்கலாம்?"

"தாராளமா."

"அப்ப அறுபத்திரண்டுன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"அய்யோ, அது தப்பாயிடும்."

"இப்ப குடுத்திருக்கறது?"

"அதுவும் தப்பா இருக்கலாம். ஆனா அது எங்க முறைப்படி வந்த தப்பு."

"அந்தக் கடைசி வாக்கியத்தைப் பதிவு பண்ண வேண்டாம்," என்றார் வக்கீல். லொரெய்ன் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

இப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு பதிலும் பணிவாக வந்தது; ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஹார்லன் முன்பைவிடக் கொஞ்சம் ஆழத்தில் இருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் கடைக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், ஒருவன் நாயைக்கூட ஏவிவிட்டான். ஆனால் தராசைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசி யாரும் அவரைத் தராசின் பக்கமே போக விடாமல் செய்ததில்லை. கடைசியில் அந்த ஒன்பதாம் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு உங்க அளவு படிப்பு கிடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன். அம்பத்திரண்டுக்கும் அறுபது, அம்பத்து மூணுக்கும் அறுபது. அந்த ஒரு கேள்வி எங்க போச்சு?"

பென்ஹாலோ அட்டவணையைப் பார்க்காமலே, "அந்த இடத்துல வளைகோடு கொஞ்சம் ஓய்வெடுக்குது," என்று ஆரம்பித்தார். "திறமைங்கறது ஒரே சீரா ஏறாது, மிஸ்டர் கூபிக். படிக்கட்டு மாதிரி. நடுவுல ஒரு சமதளம் வரும். அந்தச் சமதளத்துல நிக்கற பிள்ளைங்க..."

லொரெய்ன் தட்டச்சை நிறுத்திவிட்டு அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்," என்றாள். "இது நான் அடிச்சது. அன்னிக்குத் தீயணைப்புப் பயிற்சின்னு மணி அடிச்சாங்க, ஞாபகம் இருக்கா? வெளிய போய்ட்டு வந்து விட்ட எடத்துலேர்ந்து அடிச்சேன். அறுபதை ரெண்டு தடவ அடிச்சிட்டேன் போல. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் ஒரு வரி எறங்கியிருக்கு."

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"அதைத் தவறுன்னு பதிவு பண்ணாதீங்க," என்றார் வக்கீல்.

"பின்ன எப்படி சார் பதிவு பண்ண?"

வக்கீல் கூரையைப் பார்த்து யோசித்தார். "'இரு முறை உறுதி செய்யப்பட்ட வரி.'"

பென்ஹாலோ வெளிறிப்போயிருந்தார். அந்த அட்டவணையை வைத்துத் தொண்ணூறாயிரம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போயிருந்தது. அதுமட்டுமல்ல, அந்தச் சமதளத்தைப் பற்றி அவர் ஒரு மாநாட்டில் கட்டுரையே வாசித்துவிட்டு வந்திருந்தார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்திருக்கு," என்று முணுமுணுத்தார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்தா அதுல அநியாயம் இல்ல."

ஆனாலும் மாற்றினார்கள். பத்து நாளில் அறிவிப்பு வந்தது: 'ஏற்கெனவே துல்லியமாக இருந்த அக்டோபர் மதிப்பெண்கள் மேலும் துல்லியமாக்கப்பட்டுள்ளன.' ஐம்பத்து மூன்றும் அதற்கு மேலும் சரியாக எழுதிய எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோ ஏறியது. பிரென்னாவுக்கு அறுபத்திரண்டு.

ஊர்ப் பத்திரிகை ஹார்லனின் படத்தைப் போட்டது. கிடங்கில் லாரி ஓட்டுநர்கள் கை குலுக்கினார்கள். டெனீஸ் கேக் செய்து அதன் மேல் சர்க்கரைப் பாகால் 62 என்று எழுதினாள். பிரென்னா அப்பாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. "நீ கிறுக்கன்பா," என்றாள். "நல்ல கிறுக்கன்."

அந்தச் சந்தோஷம் பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த ஆண்டு தகுதி மதிப்பெண் அறுபத்து நான்காக உயர்த்தப்பட்டிருக்கிறது.

ஹார்லன் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். சேர்க்கை அலுவலகத்தில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்.

"இருபது இடம்தான் சார் இருக்கு. போன மாசம் அறுபத்திரண்டும் அதுக்கு மேலயும் எடுத்தவங்க சரியா இருபது பேர். இப்ப நாப்பத்தி நாலு பேர் வந்துட்டாங்க. நாங்க என்ன பண்றது? யாரோ ஒருத்தர் மன்றத்துல போய் சண்டை போட்டு எல்லாருக்கும் ஏத்தி விட்டுட்டாராம்."

ஹார்லன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல சார்," என்றாள் அவள் ஆறுதலாக. "நல்லது பண்றோம்னு நெனச்சுதான் பண்ணியிருப்பாரு."

அவர் விஷயத்தைச் சொன்னதும் பிரென்னா அழவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். "அப்ப அறுபது எடுத்தப்ப எவ்வளவு தூரத்துல இருந்தேனோ, இப்பவும் அதே தூரத்துலதான் இருக்கேன்," என்றாள். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு மாடுகளைப் பார்க்கப் போனாள். டெனீஸ் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த கேக்கை எடுத்து, மேலே எழுதியிருந்ததைக் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஹார்லன் தாங்கியிருப்பார். அடுத்த வியாழக்கிழமை மாட்டுச் சந்தை எடைமேடையில் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கஸ் ப்ரோசெக் வந்து கம்பிவேலியில் சாய்ந்து நின்றார். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதம். கஸ்ஸின் மகள் டில்டாவும் பிரென்னாவும் ஒரே வகுப்பு. அவளும் மாட்டு வைத்தியத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். ஏப்ரலிலேயே அறுபத்து மூன்று எடுத்து, இடம் உறுதி என்று கடிதம் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியும் விட்டார்கள். ஏப்ரல் அட்டவணையில் எந்த வரியும் இரு முறை உறுதி செய்யப்படவில்லை. அதனால் அவள் மதிப்பெண் ஏறவில்லை.

"டில்டாவுக்குக் கடுதாசி வந்துச்சு," என்றார் கஸ். "இடம் இல்லையாம்."

"கேள்விப்பட்டேன்."

"அவ ஒண்ணுமே பண்ணல ஹார்லன். சும்மா வீட்டுல உக்காந்திருந்தா. அவ மார்க்கு அப்படியேதான் இருக்கு. இருந்த எடத்துலயே இருந்து வெளிய விழுந்துட்டா."

"தெரியும் கஸ்."

"நீ அப்படி என்னதான்யா கேட்ட அங்க போய்?"

"ஒரு கேள்வி காணாமப் போச்சு. அது எங்கன்னு கேட்டேன்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

கஸ் மேடையில் ஏறத் தயங்கி நின்ற ஒரு காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்த எடத்துலயே திரும்ப வச்சுட முடியாதாய்யா?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. ஹார்லனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று சந்தையில் எடைமேடை கால் பவுண்டுகூடப் பிசகாமல் காட்டியது. பச்சை வில்லையை ஒட்டினார். ஒட்டிய கையோடு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது என்ன சொல்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியாதது போல இருந்தது.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மூன்றாவது தேர்வு. பல்கலைக்கழகம் அதுவரை பொறுக்கும். அன்று காலை பள்ளிக்கூட வாசலில் நாற்பது, ஐம்பது வண்டிகள் நின்றன. பிரென்னா இறங்கும்போது, "எத்தனை சரின்னு இந்தத் தடவ எண்ணிக்கிட்டே வர மாட்டேன்பா," என்றாள்.

"வேண்டாம்."

"நீயும் கேக்காத."

"கேக்கல."

அந்தப் பக்கத்திலிருந்து டில்டா வந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரு நொடி தயங்கி, பிறகு சேர்ந்தே உள்ளே போனார்கள். கஸ் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, ஹார்லனின் வண்டிக் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கையில் பிளாஸ்க் இருந்தது. இருவருக்கும் காபி ஊற்றினார்.

"பிரென்னா நல்லா எழுதட்டும்," என்றார் கஸ்.

"டில்டாவும் நல்லா எழுதட்டும்," என்றார் ஹார்லன்.

இருவரும் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கம் கலையாத கண்களோடு பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். ஒரு பையன் விடாமல் இருமினான். நல்ல சளி போல. ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஹார்லனுக்கு அந்த இருமல் இதமாகக் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் அதை உணர்ந்து காபிக் கோப்பைக்குள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். எல்லோரும் நன்றாக எழுதிவிட்டால் தாள் எளிதாகிவிடும். இது இப்போது அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது.

தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் வெளியே ஓடி வந்தாள். சிவப்புக் குல்லாய், ஊருக்குப் புதியவள் போல. கையில் கணக்குப் போடும் கால்குலேட்டர்.

"யார்கிட்டயாவது பேட்டரி இருக்கா? சின்னது, ரெண்டு வேணும்! இது செத்துப்போச்சு!"

ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். வண்டிகளில் இருந்தவர்கள் அனைவரும் அந்த நேரம் பார்த்துத் தங்கள் கைப்பேசியில் மும்முரமாக இருந்தார்கள். ஒருவர் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டார்.

ஹார்லனின் வண்டியில் முன்பெட்டிக்குள், எடை பார்க்கும் கருவிக்கென்று ஒரு பொட்டலம் பேட்டரி இருந்தது. அவருக்குத் தெரியும். கஸ்ஸுக்கும் தெரியும், அவர் முழங்காலுக்கு நேரேதான் அந்தப் பெட்டி இருந்தது. இருவரும் பேசவில்லை. அந்தப் பெண் அவர்கள் வண்டியைத் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்தாள். அழ ஆரம்பித்திருந்தாள்.

ஹார்லன் கையை நீட்டிப் பெட்டியைத் திறந்து, பொட்டலத்தை எடுத்து, கண்ணாடியை இறக்கி அவளிடம் கொடுத்தார்.

"தெய்வம் சார் நீங்க!" என்று கத்திவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

கஸ் காபியை ஒரு வாய் குடித்தார். "நல்ல கெட்டிக்காரியாத் தெரியறா," என்றார்.

"ஆமா."

உள்ளே மணி அடித்தது.

"அந்த பேட்டரி எப்ப வாங்கினது?" என்று கஸ் கேட்டார்.

ஹார்லன் யோசித்தார். "ரெண்டு, மூணு வருஷம் இருக்கும்," என்றார்.

இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.